கண்ணாடி மதினி என்கிற மேற்படியார்

இந்த விருதுநகர் மாவட்டத்தில் தன் முகத்தை அதிக அளவில் உற்பத்தி செய்த ஒரே ஆள் கண்ணாடி மதினிதான். அரசியல் பிரமுகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் முகத்தை ஃபிளெக்ஸ் கடைக்காரர் உற்பத்தி செய்கிறார். மதினி ஒவ்வொன்றையும் கைப்பட வரைந்தார். அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குழம்பைத் தொட்டு.

நான் வருவாய்த் துறையில் கடைநிலையில் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பச்சை மைப் பேனாவால் நான் சான்றளித்த புகைப்படங்களை அடுக்கினால் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் மாடிக்கு இன்னொரு மாடி கட்டலாம். ‘படத்தில் இருப்பவர் இவரே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன். இவர் இவரில்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற வட்டாட்சியருக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு வேலைகள் தயாராகக் காத்திருக்கும். ஒன்று, வீட்டுக்குக் காய்கறி வாங்குவது. இன்னொன்று, பட்டாசுக் கம்பெனியில் லைசென்ஸ் விவகாரங்களைப் பார்த்துக்கொள்வது. முதல் வேலையில் மூன்று மாதத்திலேயே என்னைத் தகுதியற்றவன் என்று என் மனைவி அறிவித்துவிட்டாள். ஆகவே ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அப்பா ஆரம்பித்த கம்பெனியை நடத்துபவர். முதல் நாளே என் வேலையை விளக்கிவிட்டார்.

“சார், எந்த ஆபீசர் வந்தாலும் அவர் கேக்குறதுக்கு முன்னாடி பேப்பர் மேசையில இருக்கணும். அம்புட்டுத்தான் ஒங்க வேலை.”

அதே வாரத்தில் கேட் வாட்ச்மேன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல உயரம். கம்பெனி மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஆள் போட்டுக்கொண்டது போல ஒரு மூக்குத்தி.

“அய்யா, இந்தம்மா உள்ள கண்ணாடி கொண்டாருது.”

“மூக்குக் கண்ணாடியா?”

“மூஞ்சி பாக்குற கண்ணாடி. வெயிலு பட்டு மருந்துல தீப்புடிச்சா யாருங்கய்யா பதில் சொல்றது?”

அந்தப் பெண் வாட்ச்மேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் நேராகப் பேசினார்.

“நான் மருந்து ரூமுக்கா கொண்டுபோறேன்? சாப்பாட்டுக் கொட்டகையில வைக்கேன். கண்ணாடி ஆகாதுன்னா மொதல்ல மொதலாளி காரை வெளிய நிறுத்தச் சொல்லுங்க. அதுல சுத்திலும் கண்ணாடிதான் இருக்கு.”

நான் விதிகளை எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டி, பீடி, செல்போன், இரும்புச் சாமான் எல்லாம் தடை. முகம் பார்க்கும் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவருடைய வட்டக் கண்ணாடிக்குத் தகர விளிம்பு இருந்தது. தகரம் உலோகம். எனவே விளிம்பு தடைசெய்யப்பட்டது என்றும், கண்ணாடி சாப்பாட்டுக் கொட்டகை வரை அனுமதிக்கப்பட்டது என்றும் உத்தரவிட்டேன். கண்ணாடியையும் விளிம்பையும் எப்படிப் பிரிப்பது என்பது மனுதாரரின் பாடு.

மறுநாள் காலை மனுதாரர் தகரத்தைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் ரோஸ் நிறத் துணியைச் சுற்றித் தைத்து, கேட்டில் வாட்ச்மேன் முகத்துக்கு நேரே நீட்டியபடி உள்ளே போனார். வாட்ச்மேன் தன் முகத்தைத் தானே பார்த்துச் சலாம் வைத்ததாகக் கேள்வி.

அவருக்கு பேக்கிங்கில் வேலை. பெட்டிகளின் மேல் லேபிள் ஒட்டுவது. சொந்தப் பெயர் மாரியம்மாள். கம்பெனியில் மூன்று மாரியம்மாள்கள் இருந்ததால் இவர் கண்ணாடி மதினி. சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் வேப்ப மரத்தடியில் கண்ணயர்வார்கள். மதினி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அச்சகத்தில் இருந்து வந்த வேஸ்ட் ஷீட்டைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் தன் முகத்தை வரைய உட்கார்ந்துவிடுவார். கோடு போடக் கண்மைப் பென்சில். உதட்டுக்குக் குங்குமம். மேனி நிறத்துக்கு அன்றைக்கு வாளியில் என்ன குழம்போ அது. புளிக்குழம்பு நாளில் மதினி நல்ல கறுப்பு. பருப்புக் குழம்பு நாளில் மஞ்சள் காமாலை. மோர்க்குழம்பு நாளில் வரைவதில்லை. “எம்புட்டுத் தடவுனாலும் வெள்ளைக்காரி மாதிரி வருது சார்” என்றார்.

எறும்பு மொய்த்த படங்களையும் சேர்த்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஒன்றில் மதினி கலெக்டராகக் காரில் போகிறார். ஒன்றில் அண்ணாச்சியின் சுழல் நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருக்கிறார். ஒன்றில் மூன்று மதினிகள் கல்யாண வீட்டுப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் இலையை ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் மதினி. வேறு முகமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் செல்விக்கு இதில் தீராத மனக்குறை.

“ஏ மதினி, என்னைய ஒண்ணு வரைஞ்சு குடுத்தா என்ன?”

“ஒன் மூஞ்சிய நான் எதுக்கு வரையணும்? நீ வரைஞ்சுக்கோ.”

“எனக்கு வராதுல்ல.”

“எனக்கு மட்டும் வருதா? பாரு, மாடு மாதிரி இருக்கேன். ஆனா என் மாடு.”

“மூக்கு ரொம்ப எடுப்பா இருக்கு.”

“எடுப்பாத்தான்டி இருக்கு. நீ என்னைக்கு நிமிந்து பாத்த?”

இவ்வளவும் சாப்பாட்டுக் கொட்டகைச் சுவருக்குள் நடந்தவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. அடையாள அட்டை போடும் நாளில் அது என் மேசைக்கு வந்துவிட்டது. சாத்தூரில் இருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தோம். அட்டைகள் வந்தன. கொடுத்த மறுநாள் மதினியின் அட்டையில் போட்டோ இருந்த இடத்தில் புளிக்குழம்பு முகம் ஒன்று ஒட்டியிருந்தது.

“இது செல்லாதும்மா. போட்டோ இருக்கணும்.”

“இது போட்டோ இல்லாம என்ன சார், பாயாசமா?”

“இது நீங்க வரைஞ்சது. கேமரா எடுத்தாத்தான் போட்டோ.”

“அந்த ஆளு என்னைய எம்புட்டு நேரம் பாத்தாரு? பளிச்சுனுச்சு, ‘அடுத்து வாங்க’ன்னுட்டாரு. நான் என்னைய இத்தன வருசமா பாக்கேன். யாரு சொன்னாச் சரியா இருக்கும்?”

இதற்குப் பொருத்தமான அரசாணை எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் படம் என்று சமரசம் செய்தேன். அன்றிலிருந்து மதினியின் அட்டை கழுத்தில் எப்போதும் புறமுதுகு காட்டித்தான் தொங்கியது. காற்றில் திரும்பினால் சரி செய்து விடுவார்.

மதினியின் உண்மையான வழக்கு காலண்டர் சம்பந்தப்பட்டது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். முன்வரிசையில் அண்ணாச்சி குடும்பம் நாற்காலியில் உட்காரும். பின்னால் தொழிலாளர்கள் நிற்பார்கள். அந்தப் படம்தான் அடுத்த வருடக் காலண்டர். வடக்கே இந்தூர் வரை வியாபாரிகளுக்குப் போகும். படத்தின் மேல் பகுதியில் சிவப்புப் பட்டை போட்டுக் கம்பெனி பெயரை அச்சடிப்பார்கள். அந்தப் பட்டை மிகச் சரியாகக் கடைசி வரிசையின் தலைகளின் மேல் உட்காரும். உயரமானவர்கள் எல்லாம் கடைசி வரிசை. எனவே மதினி சேர்ந்த நாளில் இருந்து கம்பெனி காலண்டரில் இடம்பெற்றிருந்தார், கழுத்து வரை.

“வருசா வருசம் என் கழுத்துதான் சார் ஆணியில தொங்குது” என்று என்னிடம் புகார் சொன்னார். “எழுத்து வேற பெருசாயிட்டே வருது. இப்படியே போனா இன்னும் கொஞ்ச வருசத்துல சேலை மட்டுந்தான் தெரியும்.”

மனுவை அண்ணாச்சியிடம் வாய்மொழியாகச் சமர்ப்பித்தேன். “கம்பெனி பேரு தெரியணுமா, கழுத்துக்கு மேல தெரியணுமா சார்?” என்று கேட்டு அதை முடித்துவைத்தார்.

அதன் பிறகு வந்தது அந்தத் தீபாவளி சீசன். சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால்கூட, லோடு ஏற்றிவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். வெளியூர்க்காரர்கள் புஸ்வாணம் என்கிற பூச்சட்டி லோடு இந்தூருக்குப் போக வேண்டிய நேரத்தில், அச்சகத்தில் இருந்து வந்த லேபிள் கட்டைப் பிரித்தால், பெரிய கோளாறு. லேபிளில் ரோஸ் கலர் ஃபிராக் போட்ட ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஃபிராக் இருக்கிறது. மத்தாப்பு இருக்கிறது. சுருட்டை முடி இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. ஏதோ ஒரு கலர் பதியவில்லை என்றார்கள்.

திரும்ப அடிக்க நேரமில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் விதியைப் பார்த்தேன். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், லைசென்ஸ் எண், எடை, எச்சரிக்கை இருக்க வேண்டும். குழந்தைக்கு முகம் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அப்படியே தெரிவித்தேன்.

அண்ணாச்சி பேக்கிங் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“மூஞ்சி இல்லாட்டி என்ன? மூஞ்சிய வச்சா பூச்சட்டி எரியுது? ஒட்டி ஏத்துங்க.”

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த சில மத்தியானங்கள் மதினி லேபிள் கட்டுகளைச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி முன் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். வேலை மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

லோடு போனது. தீபாவளிக்குச் சில நாள் முன்பு இந்தூர் வியாபாரி வீடியோ காலில் வந்தார். இரண்டு வருடம் முன்பு கம்பெனிக்கு நேரில் வந்துபோன மனிதர். நல்ல பக்தி. அவர் ஒரு பெட்டியை கேமராவுக்குக் காட்டினார். ரோஸ் ஃபிராக், சுருட்டை முடி, கையில் மத்தாப்பு. நடுவில் ஐம்பது வயது முகம். அதில் அந்த மூக்குத்தி. நெற்றியில் நாலணா அளவுக்குக் குங்குமம். பார்வை மட்டும், மத்தாப்பைக் கொடுத்தது யார் என்று கேட்பது போல இருந்தது.

அண்ணாச்சியின் இந்தி, ரேட்டையும் லோடையும் தாண்டிப் போகாது. ஆனால் அந்த வியாபாரி இரண்டு கைகளையும் கூப்பி, “மாதாஜி?” என்று கேட்டதை அவரால் புரிந்துகொள்ள முடிந்தது.

அண்ணாச்சி நாற்காலியில் சுழன்று பின்னால் சுவரில் மாட்டியிருந்த தன் அம்மா படத்தைப் பார்த்தார். மாலை போட்ட படம். ரேஷன் கார்டில் இருந்து எடுத்துப் பெரிதாக்கியது. பெரிதாக்கப் பெரிதாக்கக் கண்ணும் வாயும் கரைந்து, மூக்குத்தியும் குங்குமமும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆபீசுக்கு வந்தபோது அந்தப் படத்தைக் கும்பிட்டுப் போயிருந்த வியாபாரி, முதலாளி தன் தாயாரை லேபிளில் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

போன் வைக்கப்பட்டது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“எங்க அம்மாவுக்கு ஃபிராக் மாட்டி விட்டுட்டா சார்.”

“அது கண்ணாடி மதினி முகம் அண்ணாச்சி. ஒங்க அம்மா முகம் இல்ல.”

“லேபிள் ஒட்டுறவ மூஞ்சியும் எங்க அம்மா மூஞ்சியும் ஒண்ணாய்யா? திங்கக்கிழமை அவ கம்பெனி வேன்ல ஏறக் கூடாது.”

ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிலும் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. ஊர் ஊராக வேன் அனுப்பித்தான் ஆட்களை ஏற்றி வருவார்கள். ஆனால் ஒரு கம்பெனி துரத்திய ஆளை இன்னொரு கம்பெனியின் வேன் ஏற்றாது. அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. திங்கட்கிழமை வேனில் ஏறாவிட்டால் மதினி பிறகு எந்த வேனிலும் ஏற முடியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“சும்மா போன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி” என்றேன். “குறிப்பாணை குடுக்கணும். விளக்கம் வாங்கணும். விசாரணை நடத்தணும். அப்பறம் உத்தரவு. ஒரு படி விட்டுப்போனாலும் லேபர் கோர்ட்டுல கம்பெனியையே அந்தம்மா பேருக்கு எழுதிவைக்க வேண்டியது வந்துரும்.”

கொஞ்சம் மிகைப்படுத்தினேன். விதிகளை அறிந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

அன்று மாலையே குறிப்பாணை தயாரித்தேன். என் நடையில் அது நல்ல குறிப்பாணை. ‘மேற்படியார், தாம் பணிபுரியும் நிறுவனத்தின் லேபிளில் காணப்படும் குழந்தையின் முகத்துக்குரிய இடத்தில், எவ்வித அனுமதியுமின்றித் தமது முகத்தை வரைந்து, நிறுவனத்துக்கும் நிறுவனர் குடும்பத்துக்கும் அவப்பெயர் ஏற்படுத்திய செயலுக்காக மேற்படியார் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மேற்படியார் விளக்கம் அளிக்க வேண்டும்.’ மூன்று மாரியம்மாள்களில் இவர் எந்த மாரியம்மாள், தகப்பனார் பெயர் என்ன என்று வருகைப் பதிவைப் பார்த்து மேலே எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருந்தேன். சீசன் அவசரத்தில் அந்த இடம் அப்படியே போய்விட்டது.

மறுநாள் மதினி தாளுடன் வந்தார்.

“தாசில்தார் சார், மேற்படியார்னா யாரு?”

“மேலே சொல்லப்பட்டவர். நீங்கதான்.”

“மேல எங்க சொல்லிருக்கு? வெறும் தாளுதான இருக்கு.”

பார்த்தேன். வெறும் தாள்தான் இருந்தது. இத்தனை வருடச் சர்வீசில் எத்தனையோ மேற்படியார்களை எழுதியிருக்கிறேன். மேலே ஆளே இல்லாமல் ஒரு மேற்படியாரை உண்டாக்கியது அதுவே முதல் தடவை.

“குடுங்க, பேரை எழுதித் தாரேன்.”

“வேணாம் சார். எந்த மாரியம்மான்னு மறுபடி கொழப்பம் வரும். நானே சொல்லிக்கிடுதேன்.”

மத்தியானத்துக்குப் பிறகு தாள் திரும்பி வந்தது. மேலே விட்டிருந்த இடத்தில் மதினியின் முகம். அன்றைக்குப் புளிக்குழம்பு. கீழே என் வாசகங்கள் அப்படியே. விளக்கம் என்று ஒரு எழுத்து இல்லை. ஆனால் இப்போது மேற்படியார் என்ற சொல் வருகிற இடமெல்லாம் வாசிக்கிறவன் கண் தானாக மேலே போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கியது. நடைமுறை ரீதியாக அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை விசாரணை. விசாரணை அதிகாரி நான். புகார்தாரர் அண்ணாச்சி, தன் நாற்காலியில். மதினியை உட்காரச் சொன்னேன். விதிப்படி உட்கார வைக்க வேண்டும். அந்த அறையில் ஒரு பேக்கிங் தொழிலாளி உட்கார்ந்தது அதுதான் முதல் முறை என்று நாற்காலி கிறீச்சிட்டதிலேயே தெரிந்தது.

சான்று என்ற முறையில் மதினி வரையாத ஒரு லேபிளையும், பழைய சீசனில் முழுதாக அச்சான லேபிள் ஒன்றையும் வரவழைத்தேன். சான்றை உற்றுப் பார்க்க வேண்டியது விசாரணை அதிகாரியின் கடமை. உற்றுப் பார்த்தபோது குழந்தை மத்தாப்பைப் பிடித்திருந்த கையில் ஆறு விரல்கள் இருந்தன.

“அண்ணாச்சி, இது யார் குழந்தை?”

அண்ணாச்சி நெளிந்தார்.

“யார் புள்ளையும் இல்ல சார். கம்ப்யூட்டர்ல சொன்னா அதுவே போட்டுக் குடுக்குது. இப்பல்லாம் அப்படித்தான அடிக்காக.”

“அப்ப அந்தப் புள்ள பொறக்கவே இல்லையா?” என்று மதினி கேட்டார்.

“இல்ல.”

“பொறக்காத புள்ளைக்கு நம்ம கம்பெனியில மூஞ்சி இருக்கு. பொறந்த எனக்குக் கழுத்து வரைக்குந்தானா மொதலாளி?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கேள்விகளைக் கேட்க வேண்டியது விசாரணை அதிகாரியா, மேற்படியாரா என்று அந்தப் பார்வை கேட்டது.

“அதுக்காக எங்க அம்மாவை...”

“ஒங்க அம்மாவ நான் தொடவே இல்ல. அது என் மூஞ்சி. அந்த சேட்டுக்கு வித்தியாசம் தெரியலன்னா அது என் குத்தமா?” மதினி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். “அவுகளும் இந்தக் கம்பெனி ஆரம்பிச்சப்ப வீட்டுல ஒக்காந்து லேபிள் ஒட்டுனவுகதான். பசை காய்ச்சுறதுல அவுகள மாதிரி ஆளு கெடையாதுன்னு எங்க ஆத்தா சொல்லும். அம்புட்டு ஒட்டியும் அவுக மூஞ்சி ரேசன் கார்டுல இருந்துதான எடுக்க வேண்டியதிருந்துச்சு.”

மதினி கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னார்.

“எங்க மூஞ்சி பேப்பர்ல வாரதுக்கு ஒரே ஒரு நாளுதான் சார் இருக்கு. அன்னைக்கும் இந்த அட்டையில இருக்கதத்தான் எடுத்துப் போடுவாக. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி எங்கயாச்சும் வந்துரட்டும்னு பாத்தேன்.”

பட்டாசுக் கம்பெனியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாசில்தாராக இருந்தபோது வெடி விபத்துக் கோப்புகளில் இப்படி எத்தனையோ அட்டைப் படங்களை நான் நூலில் கோத்திருக்கிறேன். அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். பிறகு முதலாளியின் குரல் இல்லாமல் கேட்டார்.

“எங்க அம்மாவ நல்லபடியா ஒண்ணு வரைஞ்சு குடுப்பீகளா?”

மரியாதை விகுதி போட்டு அவர் ஒரு தொழிலாளியிடம் பேசி நான் அன்றுதான் கேட்டேன். பத்து விசாரணை அதிகாரிகள் சேர்ந்து எழுதினாலும் இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. தலையை மட்டும் ஆட்டினால் போதும். வேலை நிலைத்துவிடும்.

மதினி யோசித்துப் பார்த்தார்.

“மாட்டேன் மொதலாளி” என்றார். “அடுத்தவுக மூஞ்சி எனக்கு வராது. அவுக இருக்கயில அவுககிட்ட ஒரு பென்சிலும் கண்ணாடியும் குடுத்திருக்கணும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னால் இருந்து சொல்ல முடியவில்லை. அதைப் பதிவு செய்யவும் இல்லை.

“சார், ஃபைலை முடிச்சிருங்க” என்றார் சுவரைப் பார்த்தபடியே. “எப்படி முடிக்கணுமோ முடிங்க.”

முடித்தேன். நிறுவனத்தின் லேபிளில் அனுமதியின்றி வரைந்தது நிரூபணமாகிறது என்றும், குழந்தையின் முகத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டதான குற்றம், அப்படி ஒரு குழந்தையோ முகமோ இல்லாததால் நிரூபணமாகவில்லை என்றும், மேற்படியார் எச்சரிக்கப்படுகிறார் என்றும் உத்தரவு போட்டேன். திங்கட்கிழமை மதினி வேனில் ஏறினார். ஜன்னல் சீட்டு. எச்சரிக்கப்பட்டவருக்கு ஜன்னல் சீட்டா என்று செல்வி சண்டை போட்டாளாம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி போட்டோக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “பட்டையக் கீழ போடுங்க.” காலண்டர் வந்தது. சிவப்புப் பட்டை கீழே இறங்கி, அண்ணாச்சி குடும்பத்தின் முழங்கால்களையும் புதுச் செருப்புகளையும் மறைத்திருந்தது. மேலே ஆகாயம் வரை முகங்கள். கடைசி வரிசையில் நட்ட நடுவே மதினி, முழுதாக, மூக்குத்தியோடு. கண் மூடவில்லை, தலை ஆடவில்லை. அந்த போட்டோக்காரர் வாழ்க்கையில் எடுத்த நல்ல படம் அதுதான் என்பேன்.

நானே ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனேன். நாற்பது பெண்கள் அவரவர் முகத்தைத் தேடி விரல் வைத்துக் கூச்சல் போட்டார்கள். மதினி தள்ளி வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தூக்குவாளியில் சாய்த்திருந்த கண்ணாடியில் ஒரு தடவை சரிபார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கா” என்றார். “ஆனா இது நான் இல்ல சார்.”

அரை மணி நேரத்தில் கடைசி வரிசையின் நடுவில் குழம்பு நிறத்தில் ஒரு முகம் ஒட்டப்பட்டது. அன்றைக்குப் பருப்பு. அண்ணாச்சியிடம் நான் அறிக்கை எதுவும் அனுப்பவில்லை.

இந்த வருடம் முழங்கால் வலியால் வேலையை விட்டேன். கடைசி நாளில் பேக்கிங் பெண்கள் சேர்ந்து ஒரு சால்வை போர்த்தினார்கள். மதினி தனியாக ஒரு சுருள் தாளைக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. அண்ணாச்சியின் அம்மாவுக்கே மறுத்தவர்தான், ஆனாலும் நான் கண்ணாடி விளிம்பு விஷயத்தில் நியாயமாக நடந்துகொண்டவன் அல்லவா. பிரித்தேன்.

மதினிதான். புளிக்குழம்பு.

“ஒங்கள எதிர்பாத்தீகளா?” என்று கேட்டார். “ஒங்களுக்கு வேணும்னா நீங்கதான் சார் வரைஞ்சுக்கிடணும். பென்சில் வேணும்னா தாரேன்.”

அந்தப் படம் விருதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. எறும்பு வராமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள் பொடி. வருகிறவர்கள் எந்தக் கோயில் அம்மன் என்று கேட்கிறார்கள். என் மனைவி, “அது அவுக ஆபீசுல ஒருத்தி” என்று சொல்லும் தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மாட்டுவதற்கு முன்பு, ஒதுக்கி வைத்திருந்த பச்சை மைப் பேனாவைத் தேடி எடுத்தேன். படத்தின் கீழே, ‘மேற்படியார் இவரே’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். எழுதும் முன் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஓய்வு பெற்ற அதிகாரி சான்றளிக்கக் கூடாது, அப்படி அளித்தால் அது செல்லாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆட்சேபணை உள்ளவர்கள் திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துக்கொள்ளலாம்.